கணினி வேலைக்குக் கண்ணாடி: பவருக்கு முன்னால் தூரம்

கேள்வி: கோவை வாசகர், 3 பிப்ரவரி 2025

வயது 47. ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் எக்செல்தான். தூரப் பவர் இரண்டு கண்ணுக்கும் +0.50, ஆட் பவர் (படிப்பதற்குக் கூடுதலாகச் சேர்ப்பது) +1.75, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் தேவைப்படும் பவர்) கிடையாது. போன வருடம், மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாகப் பவர் படிப்படியாக மாறும் ப்ரோக்ரெஸிவ் லென்ஸ் போட்டேன். சாலையில் பிரச்சினை இல்லை, செய்தித்தாள் படிப்பதிலும் இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது. மாலையில் கண்ணும் எரிகிறது. லென்ஸில் நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட் கோட்டிங் இல்லாததுதான் காரணம் என்கிறார் கடைக்காரர். ப்ரோக்ரெஸிவ் என்பதே கணினியில் வேலை செய்பவர்கள் தலையில் மிளகாய் அரைக்கும் வேலை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி 2025

பாதியை மறுக்கிறேன். கோட்டிங்கும் காரணமில்லை, ஏமாற்றும் இல்லை. உங்கள் திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சோதனையின்போது யாரும் கேட்கவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பகல் முழுவதும் திரையில் தமிழ் எழுத்துகளின் புள்ளிகளையும் சுழிகளையும் துரத்துவதால், இந்த விஷயத்தில் எனக்குச் சற்று அதிகமாகவே பேச்சு வரும்.

பவர் சீட்டில் இரண்டு தூரங்கள்தாம் இருக்கின்றன. ஒன்று, சுவரில் உள்ள எழுத்துப் பலகையின் தூரம். அதாவது 6 மீட்டர். மற்றொன்று, கையில் கொடுத்து ‘என்6’ வரியைப் படிக்கச் சொல்லும் அட்டையின் தூரம். அது ஏறத்தாழ 40 செ.மீ. மேசைக் கணினியின் திரை இந்த இரண்டிலும் சேராமல் 60 முதல் 75 செ.மீ. தொலைவில் நிற்கிறது. அந்த இடத்துக்கென்று சீட்டில் ஒரு கட்டமே கிடையாது.

கணக்கு எளிது. மீட்டரில் உள்ள தூரத்தால் ஒன்றை வகுத்தால், அந்தத் தூரத்தில் குவிப்பதற்குத் தேவையான பவர், டயாப்டர் என்ற அலகில் கிடைக்கும். 40 செ.மீ.க்கு 2.50, 65 செ.மீ.க்குச் சுமார் 1.50. உங்கள் ஆட் +1.75 என்றால், புத்தகத் தூரத்தில் மீதி 0.75-ஐ உங்கள் கண்ணே தருகிறது என்று பொருள். அதே 0.75-ஐத் திரைக்கும் கண் தருமானால், லென்ஸிலிருந்து வர வேண்டியது இன்னொரு 0.75 மட்டுமே. கண்ணுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்து 1.00 என்று வைத்தாலும், உங்கள் தூரப் பவர் 0.50-ஐயும் சேர்த்துத் திரைக்கு வேண்டிய மொத்தப் பவர் +1.25-க்கும் +1.50-க்கும் இடையில்தான் வரும். உங்கள் கண்ணாடியின் அடிப்பகுதியிலோ +2.25 இருக்கிறது. அதில் 0.50 தூரப் பவருக்கே போய்விடும்; மீதி 1.75 என்பதால், அந்தப் பகுதி வழியாகப் பார்த்தால் 57 செ.மீ.க்கு அப்பால் உள்ள எதுவும் கலங்கலாகத்தான் தெரியும். கண் எவ்வளவு முயன்றாலும் அதைத் தெளிவாக்க முடியாது. அதனால் உடம்பு தானாகவே திரையை நோக்கி முன்னால் நகர்கிறது.

4 பிப்ரவரி, இரவு

தூரத்தை எப்படி அளப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தையல் பெட்டியில் உள்ள அளவு நாடா போதும். கண்ணின் வெளிமுனையிலிருந்து திரை வரை அளக்க வேண்டும். ஆனால் நீங்களே அளக்காதீர்கள். நாடாவைக் கையில் எடுத்ததும் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வந்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். மாலை நான்கு மணிக்கு வேலையில் மூழ்கியிருக்கும்போது, பக்கத்து இருக்கைக்காரரை அளக்கச் சொல்லுங்கள். விசைப்பலகைக்கும், மேசையில் தாள் வைக்கும் இடத்துக்கும் தனித்தனியாக அளந்து, மூன்று எண்களையும் பவர் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு போங்கள். கண் பவரைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் அக்கறையுள்ளவர் என்றால், அதைப் பார்த்ததும், அட்டையைச் சரியாக அந்தத் தூரத்தில் நிறுத்திச் சோதிப்பார். சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காதவரிடம் லென்ஸுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

6 பிப்ரவரி 2025

ப்ரோக்ரெஸிவில்தான் எல்லாத் தூரத்துக்கும் பவர் இருக்கிறதே, நடுப்பகுதி திரைக்குத்தானே என்று சேலத்து வாசகர் கேட்கிறார். நியாயமான கேள்வி. நடுப்பகுதி இருக்கிறது, அதன் அகலம்தான் சிக்கல்.

பெர்னார் மெத்தெனாஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் உருவாக்கிய வாரிலக்ஸ் லென்ஸ் 1959-இல் சந்தைக்கு வந்தது. இன்றைய ப்ரோக்ரெஸிவ்களின் வழி அங்கிருந்து தொடங்குகிறது. 1963-இல் மிங்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் அதன் எல்லையைக் கணிதமாக எழுதிவிட்டார். லென்ஸின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாகப் பவர் எந்த வேகத்தில் ஏறுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர் சேரும் என்பது அவர் கண்டது. இதைத் தவிர்க்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. பிழையை எங்கே ஒதுக்குவது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

கோவைக்காரரின் எண்களை இதில் போட்டுப் பார்ப்போம். ஆட் 1.75 முழுவதும் 14 மி.மீ. உயரத்துக்குள் ஏறுகிறது என்றால், ஒரு மி.மீ.க்கு 0.125. பக்கவாட்டில் ஒரு மி.மீ.க்கு 0.25 சிலிண்டர் சேரும். அரை டயாப்டர் கலங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் 2 மி.மீ., அந்தப் பக்கம் 2 மி.மீ. என மொத்தம் 4 மி.மீ. அகலச் சந்துதான் மிஞ்சுகிறது. 65 செ.மீ. தொலைவில் உள்ள திரையில் அது சுமார் 10 செ.மீ. அகலமாக விரியும். 24 அங்குலத் திரையின் அகலமோ 53 செ.மீ. எக்செலில் பத்து பன்னிரண்டு நெடுவரிசைகளை ஒன்றாகப் பார்க்க வேண்டியவர், ஒவ்வொரு வரிசைக்கும் தலையைத் திருப்பித் திருப்பித்தான் படித்தாக வேண்டும். இது தோராயக் கணக்குதான்; நல்ல வடிவமைப்பில் சந்து கொஞ்சம் அகலமாகக் கிடைக்கும். ஆனாலும் 10 செ.மீ. 50 செ.மீ. ஆகிவிடாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அந்தச் சந்து கண்ணுக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே இருப்பதால், முகவாயைத் தூக்கினால்தான் திரை அதற்குள் வரும். முகவாயைத் தூக்கியபடி எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்றால், அதில் வியப்படைய ஒன்றுமில்லை.

7 பிப்ரவரி 2025

‘அப்படியென்றால் திரையைக் கீழே இறக்கினால் ஆயிற்று, புதுக் கண்ணாடி எதற்கு?’ என்று கேட்டவருக்கு: ஆமாம், செலவில்லாத முதல் வைத்தியம் அதுதான். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று அலுவலகங்களில் ஒட்டியிருக்கும் படங்கள், ஒற்றைப் பவர் கண்ணாடிக்காரர்களுக்கும் வெறுங்கண்ணுக்கும் பொருந்துபவை. ப்ரோக்ரெஸிவ் போட்டவர் அந்தப் படத்தை நம்பித் திரைக்கு அடியில் பழைய சட்டப் புத்தகங்களை அடுக்கினால், தன் கழுத்துக்குத் தானே கேடு தேடிக்கொள்கிறார். புத்தகங்களை எடுத்துவிட்டுத் திரையைப் பத்து செ.மீ. இறக்கி, மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாயும்படி வையுங்கள். மடிக்கணினிக்கென்று வாங்கிய தாங்கியையும் சில நாள் ஓரமாக வைத்துப் பாருங்கள்.

இறக்கினால் கழுத்து தப்பும். சந்தின் அகலம் அதிகமாகாது.

9 பிப்ரவரி 2025

புளூ கட் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. கோவைக்காரர் அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருந்தால் இந்த இழை பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

கடையில் காட்டும் வித்தையை எல்லோரும் பார்த்திருப்போம். ஊதா நிற ஒளி உமிழும் பேனா ஒன்றை எடுத்து, சாதாரண லென்ஸ் வழியாக ஓர் அட்டையில் அடிப்பார்கள். அட்டை நிறம் மாறும். பிறகு புளூ கட் லென்ஸ் வழியாக அடிப்பார்கள், ஒளி நின்றுவிடும். பார்ப்பவர் அசந்துபோய் 800 ரூபாயோ 1,500 ரூபாயோ கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருவார். அந்தப் பேனாக்கள் பெரும்பாலும் 405 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்பவை. அது நீலத்தையும் தாண்டிய ஊதா. திரையிலுள்ள எல்.இ.டி.யின் நீலம் உச்சம் கொள்வது 450 நானோமீட்டரை ஒட்டி. பேனாவின் ஒளியை முழுக்கத் தடுக்கும் நிறமற்ற லென்ஸ், திரையின் நீலத்தில் பெரும்பங்கை அப்படியே உள்ளே விடும். விட்டாக வேண்டும், இல்லையென்றால் லென்ஸ் அப்பட்டமான மஞ்சளாகத் தெரியும், யாரும் வாங்க மாட்டார்கள்.

சரி, நீலத்தைத் தடுத்தால்தான் கண்சோர்வு குறைகிறதா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023 ஆகஸ்டில் வெளியிட்ட தொகுப்பாய்வு, சீரற்ற முறையில் நடந்த 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கணினி வேலையால் வரும் கண்சோர்வு, சாதாரண லென்ஸைவிட இவற்றால் குறுகிய காலத்தில் குறைவதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமியும் இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில், இந்த லென்ஸைப் பற்றி மிகையாக விளம்பரம் செய்ததற்காக ஒரு பெரிய கண்ணாடிக்கடைத் தொடருக்கு 2017-இல் 40,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ‘போட்டதிலிருந்து எனக்கு இதமாக இருக்கிறது’ என்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. பெரும்பாலும் அவர் அதே நாளில் பவரையும் சரிசெய்துகொண்டிருப்பார். நூல் அட்டை வடிவமைப்பாளர்களும் புகைப்படத்தில் நிறம் திருத்துபவர்களும் மட்டும் இதை அறவே தவிர்ப்பது நல்லது. வெள்ளைத் தாள் சற்றே பழுப்பாகத் தெரிவது அவர்கள் தொழிலில் சின்ன விஷயமில்லை.

12 பிப்ரவரி 2025

இனி எதை வாங்குவது என்ற விஷயம்.

திரைத் தூரத்துக்கு மட்டும் அமைந்த ஒற்றைப் பவர் லென்ஸ், எல்லாவற்றிலும் மலிவானது. பார்வையின் அகலத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. கோவைக்காரருக்கு +1.50 என்றால், திரை முழுவதும் ஓரத்திலிருந்து ஓரம் வரை தெளிவாக இருக்கும்; ஒரு மீட்டர் வரை பார்க்கலாம். எதிரே மேசை போட்டிருக்கும் மேலாளரின் முகம் மட்டும் சற்று மங்கும். இதை ஒரு வசதியாகக் கருதுபவர்களும் உண்டு.

45 செ.மீ.யில் வைத்த பில்லைப் பார்க்கும்போதுதான் இதன் குறை தெரியும். அந்தத் தூரத்துக்கு 2.20 டயாப்டருக்கு மேல் வேண்டும். தூரப் பவர் 0.50-ஐக் கழித்தால் லென்ஸ் தருவது 1.00; அது போக மீதி 1.20-ஐக் கண் இழுத்துப் பிடிக்க வேண்டும். எப்போதோ ஒரு பில் என்றால் தாங்கும். நாள் முழுவதும் தாளும் திரையுமாக மாறி மாறிப் பார்ப்பவருக்கு ஆபீஸ் லென்ஸ்தான் பொருத்தம். அதில் கீழே புத்தகத் தூரம், கண்ணுக்கு நேரே திரைத் தூரம், மேலே ஒன்றிரண்டு மீட்டர் என்று பவர் மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். மொத்த மாற்றம் ஒரு டயாப்டரை ஒட்டியிருந்து, அது 22 மி.மீ. உயரத்தில் பரவுகிறது என்றால், அதே மிங்க்விட்ஸ் கணக்கின்படி திரையில் தெளிவான பகுதி சுமார் 25 செ.மீ. அகலம் கிடைக்கும், ப்ரோக்ரெஸிவ் தந்ததைவிட இரண்டரை மடங்கு. அதுவும் கண்ணுக்கு நேராகவே கிடைக்கும், முகவாயைத் தூக்க வேண்டியதில்லை. ஆர்டர் கொடுக்கும்போது ‘எவ்வளவு தூரம் வரை தெளிவாக வேண்டும்’ என்பதை நீங்களே மீட்டரில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கடையில் அவர்களாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

இந்த இரண்டு கண்ணாடிகளையும் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. அலுவலக மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். மறந்துபோய் அப்படியே ஸ்கூட்டரை எடுத்தவர்களை நான் அறிவேன்.

சிலிண்டர் இல்லாமல், இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன்னால், மருந்துக்கடையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடியில் தங்கள் திரைத் தூரப் பவர் (கோவைக்காரருக்கு +1.50) ஒன்றை வாங்கி ஒரு வாரம் திரைமுன் போட்டுப் பார்க்கலாம். கழுத்து வலி விட்டுவிட்டது என்றால் காரணம் உறுதிப்பட்டுவிடும். நல்ல லென்ஸுக்குச் செலவு செய்ய மனமும் வரும். விடவில்லை என்றால் இருநூறு ரூபாயோடு போயிற்று.

12 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

என் விஷயத்தில் எது என்று கேட்கிறார்கள். அச்சகத்திலிருந்து தாள் மெய்ப்பு வந்துகொண்டிருந்த காலத்தில் ஆபீஸ் லென்ஸ் இல்லாமல் எனக்கு முடிந்ததில்லை: இடப்பக்கம் மூலப்பிரதி, முன்னால் திரை, வலப்பக்கம் சிவப்புப் பேனா. இப்போது எல்லாம் பி.டி.எஃப். ஆகிவிட்டதால் பார்வை ஒரே தூரத்தில் நிற்கிறது. ஒற்றைப் பவரே எனக்கு நிறைவாக இருக்கிறது. வேலை மாறும்போது கண்ணாடியும் மாறியாக வேண்டும் என்பதால், மேலே நான் ஆபீஸ் லென்ஸுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பரிந்து பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. மேசையில் தாளே இல்லாதவருக்கு அது தேவையற்ற செலவு.

13 பிப்ரவரி 2025

மதுரை வாசகர், வயது 51, இரண்டு கண்ணுக்கும் −1.50, ஆட் +2.00. கணினிக்குத் தனிக் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்கிறார்.

திரையை 65 செ.மீ.யில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். −1.50 கிட்டப்பார்வை உள்ள கண், எந்த முயற்சியும் இல்லாமல் தெளிவாகப் பார்க்கும் இடமே சுமார் 67 செ.மீ. நீங்கள் தேடுகிற கணினிக் கண்ணாடி உங்கள் கண்ணிலேயே அமைந்திருக்கிறது. −1.00 முதல் −2.00 வரை உள்ளவர்கள் பலர் இது தெரியாமல் திரைமுன் ப்ரோக்ரெஸிவோடு மல்லுக்கட்டுகிறார்கள். சிலிண்டர் 0.75-ஐத் தாண்டினாலோ, இரண்டு கண்ணுக்கும் பவர் வேறுபட்டாலோ இது பொருந்தாது. அப்போது திரைத் தூரத்துக்கென்று சிலிண்டரோடு கூடிய லென்ஸ்தான் வழி.

18 பிப்ரவரி 2025

பிரேம் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் லென்ஸுக்குக் கொடுத்த காசை வீணாக்குவது பெரும்பாலும் அதுதான்.

உங்கள் பழைய கண்ணாடியின் காது கம்பியின் உட்புறத்தைப் பாருங்கள். 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் பொடியாக அச்சிட்டிருக்கும்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், காது கம்பியின் நீளம், எல்லாம் மி.மீ.யில். உங்களுக்கு வசதியாக இருந்த ஒரு கண்ணாடியின் இந்த எண்களைக் குறித்துவைத்துக்கொண்டால், கடையில் நூறு பிரேம் மாட்டிப் பார்க்க வேண்டிய வேலை பத்தாகக் குறையும். கண்ணாடி நழுவுவதற்கு முதல் காரணம் பாலம் பொருந்தாமை. நம் ஊர் வியர்வையில், மூக்குப் பகுதி அசையாமல் வார்க்கப்பட்ட தடித்த பிளாஸ்டிக் பிரேம் பத்து மணிக்கே இறங்கத் தொடங்கிவிடும். வளைத்துச் சரிசெய்யக்கூடிய சிலிக்கோன் மூக்குத் தாங்கிகள் கொண்ட மெல்லிய உலோகப் பிரேம் அப்படி இறங்காது. ஒற்றைப் பவருக்கு 3 மி.மீ. இறங்கினால் எரிச்சல் மட்டும்தான். ஆபீஸ் லென்ஸுக்கு அதே 3 மி.மீ. பவர் மாற்றம்; பார்வை வேறொரு தூரத்துக்கு உரிய பகுதியில் விழுந்துவிடும்.

ஆபீஸ் லென்ஸ் போடுபவர்கள், லென்ஸின் உயரம் 30 மி.மீ.யாவது இருக்கும் பிரேமை எடுங்கள். பட்டையான குறுகிய பிரேமில் கீழ்ப்பகுதியை வெட்டித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பவர் கடையின் குப்பைத் தொட்டியில் கிடக்கும்.

ஹெட்போன் மாட்டி வேலை செய்பவர்கள், அதை மாட்டிக்கொண்டே பிரேமைச் சோதியுங்கள். காது கம்பி தடிமனாக இருந்தால், இரண்டு மணி நேரக் கூட்டத்துக்குள் காதுக்கு மேலே எலும்பு நோகத் தொடங்கும். அந்த வலியைத் தலைவலி என்று நினைத்துப் பவரை மாற்றிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

20 பிப்ரவரி 2025

மெல்லிய லென்ஸ், கோட்டிங், பி.டி. ஆகிய மூன்றும் ஒரே குறிப்பில்.

பவர் ±3.00-க்குள் இருந்தால், ஒளிவிலகல் எண் 1.67, 1.74 என்று ஏற ஏற விலையும் ஏறும் மெல்லிய ஹை இண்டெக்ஸ் லென்ஸ்கள் தேவையில்லை. ஒளியை நிறங்களாகச் சிதறடிக்காமல் கடத்தும் தன்மையைக் குறிக்கும் ஆபே எண், சாதாரண 1.50 பிளாஸ்டிக்குக்கு 58, 1.67-க்கு 32, பாலிகார்பனேட்டுக்கு 30. எண் குறைந்தால், லென்ஸின் ஓரம் வழியாகப் பார்க்கும்போது கறுப்பு எழுத்தைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக விளிம்பு கட்டும். இரண்டு திரை வைத்து ஓரக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும். −6.00, −8.00 உள்ளவர்களுக்கு மெல்லிய லென்ஸின் எடைக் குறைவு முக்கியம். அவர்கள் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆன்டி-கிளேர் மட்டும் காசுக்கு உண்மையாகவே உழைக்கும் கோட்டிங். கோட்டிங் இல்லாத 1.50 லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பியடிக்கிறது. இரண்டு பரப்புக்கும் சேர்த்து 8. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால், அந்த ஜன்னலின் பிம்பம் லென்ஸின் உட்புறத்தில் விழுந்து எழுத்தின் மீது மிதக்கும். வேட்டி முனையாலும் சட்டை நுனியாலும் உலர்ந்த தூசியோடு சேர்த்துத் துடைத்தால் இந்தக் கோட்டிங் ஒரு வருடம் தாங்காது; முதலில் தண்ணீரில் கழுவிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

பி.டி. என்பது இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம். திரையைப் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புவதால், தூரப் பார்வைக்கான அளவைவிட 2 முதல் 2.5 மி.மீ. குறைத்துத் திரைக் கண்ணாடியைச் செய்ய வேண்டும். +1.50 போன்ற சிறிய பவருக்கு இந்த வேறுபாட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். −6.00 உள்ளவருக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் 0.75 டயாப்டர் அளவு பட்டக விளைவு, அதாவது ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் விளைவு, வந்துவிடும். மாலைத் தலைவலிக்கு அது போதும். பவர் கூடுதலாக உள்ளவர்கள் பி.டி.யைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் கேட்காமல் எழுதுவதில்லை.

25 பிப்ரவரி 2025

கோவைக்காரரின் கண் எரிச்சலை மறந்துவிட்டு எல்லோரும் லென்ஸிலேயே நிற்கிறோம். கழுத்து வலி கண்ணாடியால் வருவது. எரிச்சல் பெரும்பாலும் இமைக்காததால் வருவது. அதை எந்த லென்ஸும் தீர்க்காது. ஜப்பானில் அலுவலகப் பணியாளர்களிடம் எடுத்து 1993-இல் வெளியான ஓர் அளவீட்டில், ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும் திரையில் எழுத்தைப் படிக்கும்போது 7 முறையும் இமைத்தார்கள். திரை புத்தகத்தைவிட உயரத்தில் இருப்பதால் கண் அகலமாகத் திறந்திருக்கும். ஈரம் இன்னும் வேகமாகக் காயும். அதற்கு மேல் ஏ.சி.யின் காற்றோ தலைக்கு மேலே முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறியோ நேரே முகத்தில் அடித்தால் சொல்லவே வேண்டாம். இருக்கையை விசிறிக்கு நேர் கீழிருந்து ஓரடி நகர்த்துவதில் தொடங்குங்கள். 7 பிப்ரவரி குறிப்பில் திரையை இறக்கச் சொன்னது இதற்கும் உதவும். பார்வை தாழும்போது இமையும் தாழ்ந்து கண்ணின் திறந்த பரப்பு குறைகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் கண்ணின் பவரும் மாறும். அந்த வாரத்தில் சோதித்து வாங்கிய கண்ணாடி, சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பொருந்தாமல் போகும். சர்க்கரை நிலைப்பட்ட பிறகு சோதனைக்குப் போங்கள். ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று மங்கல், வலி, ஒளிப்பொட்டுகள் என்றால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

2 மார்ச் 2025

ஜெர்மனியில் வேலை செய்யும் வாசகர், அங்கே திரைவேலைக் கண்ணாடிக்கு அலுவலகமே பணம் தருகிறது என்று எழுதி எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருக்கிறார். 1990-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை ஒன்று, திரைவேலைக்கெனத் தனிக் கண்ணாடி தேவை என்று சோதனையில் தெரிந்தால் அதைப் பணியாளரின் செலவில்லாமல் தர வேண்டும் என்கிறது. ருமேனியாவில் ஓர் அரசுப் பணியாளர் 2,629 லெய் கொடுத்து வாங்கிய கண்ணாடிக்குப் பணம் கேட்டு வழக்காடினார். 2022 டிசம்பர் 22 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், அத்தகைய கண்ணாடியும் இந்த நெறிமுறையில் அடங்கும், அதை வேலைநேரத்தில் மட்டும்தான் போட வேண்டும் என்பதில்லை என்று தீர்ப்பளித்தது. இங்கே அப்படி எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் கண்ணாடிக்கு ஏதாவது தொகை ஒதுக்கியிருக்கிறார்களா என்று மனிதவளப் பிரிவில் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

11 மார்ச் 2025

கோவைக்காரர் திரும்பி வந்திருக்கிறார். அவர் திரையின் தூரம் 68 செ.மீ.; மருந்துக்கடைக் கண்ணாடியிலேயே கழுத்து பாதி விட்டுவிட்டதாம். பில்களைப் பார்த்தாக வேண்டும் என்பதால் ஆபீஸ் லென்ஸுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். ப்ரோக்ரெஸிவைச் சாலைக்கும் கடைத்தெருவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

கண்ணாடி வந்ததும் கடையிலேயே சோதியுங்கள். அங்கே நீட்டும் ஆங்கில அட்டை வேண்டாம். உங்கள் எக்செல் பக்கம் ஒன்றையும், பத்துப் புள்ளி எழுத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தையும் அச்சிட்டு எடுத்துப் போய், 68 செ.மீ. தொலைவில் யாரையாவது பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி தனியாகத் தெரிய வேண்டும். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும், மேலே சுழிக்கும் குறிலும் நெடிலும் குழப்பமின்றிப் பிரிய வேண்டும். அதுவும் முகத்தை முன்னே நீட்டாமல். ஒவ்வொரு கண்ணையும் மூடி மூடித் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்று எழுதிக் கொடுத்தும் ஒரு கண்ணுக்கு மாற்றிப் பொருத்திய கண்ணாடி என் கைக்கு வந்ததுண்டு. அன்றே திருப்பிக் கொடுத்ததால் இலவசமாகச் செய்து தந்தார்கள்.

பழைய பிரேமிலேயே புது லென்ஸ் போடலாமா என்ற அவரது கடைசிக் கேள்விக்கு: உலோகப் பிரேம் என்றால் தாராளமாகப் போடலாம். பல வருடம் உழைத்த பிளாஸ்டிக் பிரேம் காய்ந்து இறுகியிருக்கும். சூடேற்றி லென்ஸைப் பொருத்தும்போது விரிசல் விட்டால் கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார். இரண்டாவது திரையை 90 செ.மீ.யில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வேறு பவர் தேட வேண்டாம். அதையும் 68-க்கு இழுத்து, உங்களை நோக்கிச் சற்றுத் திருப்பி வையுங்கள்.